தண்ணீர்ச் சொம்பைக் கீழே வையுங்கள்!

வீட்டில் யாராவது திடீரென்று மயங்கி விழுந்துவிட்டால் நம் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை என்ன? "ஐயோ!" அடுத்த வார்த்தை, "தண்ணி கொண்டா!" ஒருத்தி சொம்பை எடுத்துக்கொண்டு ஓடி வருவாள். இன்னொருத்தி விழுந்தவரின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள். மூன்றாமவள் பல்லை விலக்கி வாயில் தண்ணீரை விடுவாள். அதற்குள் தெருவே கூடிவிடும். ஒருவர் சோடா உடைக்கச் சொல்வார். ஒருவர் வெங்காயத்தை நசுக்கி மூக்கில் காட்டச் சொல்வார். ஒருவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்.

இத்தனையும் அன்பினால் செய்வதுதான், சகோதரிகளே. ஆனால் நினைவில்லாதவருக்கு இந்த அன்பே எமனாகிவிடக் கூடும். சாப்பிடும்போது ஒரு பருக்கை வழி தவறிப்போனால் நமக்கு எப்படிப் புரையேறுகிறது! இருமி இருமிக் கண்ணில் நீர் வந்துவிடுகிறது. அந்த இருமல்தான் நம் மூச்சுக்குழாய்க்குக் காவல்காரன். நினைவு தப்பியவருக்கு அந்தக் காவல்காரன் தூங்கிவிடுகிறான். வாயில் விடும் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போனாலும் அவரால் இருமித் தள்ள முடியாது. தலையைத் தூக்கி மடியில் வைத்தாலோ மோவாய் மார்போடு மடங்கி, நாக்கு பின்னால் சரிந்து, இருக்கிற மூச்சுவழியும் அடைபட்டுவிடும்.

நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. படித்தது பத்தாம் வகுப்பு. செய்யாரில் வாழ்க்கைப்பட்டு இருபத்தைந்து வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவள். எங்கள் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்துக்கு ஒரு நர்ஸ் அம்மா வந்து, ஒரு தலையணையையும் என் ஓரகத்தி மகளையும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்ததும், அதற்குப் பிறகு எங்கள் தெருவில் நடந்ததும்தான் எனக்குத் தெரிந்தது. அதைத்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன்.

<b></b>அந்தச் சத்தம்

என் பிறந்த வீடு ஆரணிப் பக்கம். பட்டு நெசவுக் குடும்பம். குழித்தறி பார்த்திருப்பீர்கள். தரையில் பள்ளம் வெட்டி, அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதியை மிதிக்க வேண்டும். எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு நாள் காலையில் பெரியப்பா தறியிலேயே, நெய்துகொண்டிருந்த புடவை மேலேயே கவிழ்ந்துவிட்டார். நாலு பேர் சேர்ந்து பள்ளத்திலிருந்து அவரைத் தூக்கிச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தார்கள். வாயில் தண்ணீர் ஊற்றினார்கள். இரண்டு கடைவாயிலும் அது வழிந்தது. அவர் அவ்வப்போது குறட்டை மாதிரி ஒரு சத்தத்தோடு ஒரு மூச்சை இழுப்பார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. மறுபடி ஓர் இழுப்பு. "மூச்சு கீது, மூச்சு கீது! பயப்படாதீங்க" என்று பெரியவர்கள் சொன்னார்கள். வாடகைக் கார் பிடித்து வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தண்ணீர்தான் அவரைக் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அங்கிருந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. 108 வண்டியும் அப்போது கிடையாது. தமிழ்நாட்டில் அது 2008-இல்தான் வந்தது. ஆனால் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் எனக்கு முப்பது வருஷம் கழித்து நர்ஸ் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. இதயம் நின்றவுடன் சிலருக்குக் கொஞ்ச நேரம் வாயைத் திறந்து திறந்து இப்படி இழுக்கும். மீன் கரையில் வாயைத் திறக்குமே, அந்த மாதிரி. அது மூச்சே இல்லை. "மூச்சு இருக்கிறது" என்று நாம் நம்பி உட்கார்ந்திருக்கும் அந்த நாலைந்து நிமிஷத்தில்தான், ரத்தம் போகாமல் மூளை கெடத் தொடங்குகிறது.

முதலில் கூப்பிடுங்கள், பிறகு பாருங்கள்

யார் விழுந்து கிடந்தாலும் நாம் செய்ய வேண்டிய வரிசை இதுதான்.

முதலில் உங்களைப் பாருங்கள். கரண்ட் ஷாக் அடித்து விழுந்தவரைத் தொட்டால் நீங்களும் விழுவீர்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும். கேஸ் நாற்றம் அடித்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் கதவு ஜன்னலைத் திறந்து, அவரை வெளியே இழுத்து வர வேண்டும்.

அடுத்து, இரண்டு தோளையும் பிடித்துத் தட்டி, காதருகே பலமாகக் கூப்பிடுங்கள். கண்ணைத் திறக்கவில்லை, முனகவில்லை, கையை அசைக்கவில்லை என்றால் நினைவில்லை என்று அர்த்தம். உடனே மல்லாக்கப் படுக்க வைத்து, ஒரு கையை நெற்றியில் வைத்து, மற்றொரு கை விரல்களால் மோவாயை மெல்ல உயர்த்துங்கள். நாக்கு விலகி மூச்சுவழி திறக்கும். உங்கள் கன்னத்தை அவர் மூக்கருகே கொண்டுபோய், கண்ணை அவர் மார்பின் மேல் வைத்து, பத்து எண்ணும் நேரம் மட்டும் பாருங்கள். மார்பு ஏறி இறங்குகிறதா? காற்று உங்கள் கன்னத்தில் படுகிறதா?

இதைப் பார்க்கும்போதே இன்னொருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும். "யாராவது போன் பண்ணுங்க" என்று பொதுவாகக் கத்தினால் ஒருவரும் பண்ண மாட்டார்கள். எல்லோரும் மற்றவர் பண்ணியிருப்பார் என்று நினைப்பார்கள். "தம்பி, நீ போன் போடு. பாப்பா, நீ தெரு முனையில போய் நின்னு வண்டிக்கு வழி காட்டு" என்று ஆளைச் சுட்டிச் சொல்லுங்கள். தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிடுங்கள். கை இரண்டும் வேலைக்கு வேண்டும். எந்தத் தெரு, எந்தக் கோயில் பக்கம் என்று அடையாளத்தோடு சொல்லுங்கள். அவர்களாக வைக்கச் சொல்லும் வரையில் போனை வைக்காதீர்கள்.

மூச்சு சீராக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்

பச்சைக் குழந்தை பால் கக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? சட்டென்று பக்கவாட்டில் திருப்புகிறோம் அல்லவா? நினைவில்லாத பெரியவருக்கும் அதே கைவேலைதான்.

அவர் பக்கத்தில் மண்டியிட்டு உட்காருங்கள். உங்கள் பக்கம் இருக்கும் அவருடைய கையைத் தோளுக்கு நேராக விரித்து வையுங்கள். எதிர்ப்பக்கக் கையை எடுத்து, புறங்கை அவர் கன்னத்தில் படும்படி பிடித்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்க முழங்காலை மடக்கி உங்கள் பக்கமாக இழுங்கள். எவ்வளவு கனமான ஆளும் சுலபமாகப் புரண்டு வருவார். பிறகு தலையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து, வாய் தரையைப் பார்க்கும்படி விடுங்கள். வாந்தி வந்தாலும் எச்சில் வந்தாலும் வெளியே வழியும், உள்ளே போகாது. கர்ப்பிணியாக இருந்தால் இடது பக்கமாகத் திருப்ப வேண்டும். உயரத்திலிருந்து விழுந்தவர், வண்டியில் அடிபட்டவர் என்றால் கழுத்தில் காயம் இருக்கலாம். மூச்சுக்கு இடைஞ்சல் இல்லாத வரையில் அவரைப் புரட்டாமல், தலை ஆடாமல் பிடித்துக்கொண்டிருங்கள். இடைஞ்சல் இருந்தால் தலை, கழுத்து, உடம்பு ஒரே நேராகத் திரும்பும்படி இரண்டு மூன்று பேர் சேர்ந்து திருப்ப வேண்டும்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா. சர்க்கரை வியாதிக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர். தை மாதம் வேதபுரீஸ்வரர் கோயில் உற்சவத்தின்போது, ஊசியைப் போட்டுக்கொண்டு, "சாமி பார்த்துட்டு வந்து சாப்பிடறேன்" என்று கிளம்பியவர், வியர்த்துக் கொட்டித் திண்ணையில் சரிந்துவிட்டார். மருமகள் சர்க்கரைத் தண்ணீரைக் கலந்து எடுத்து வந்தாள். நினைவு இருந்து, தானாக விழுங்க முடிந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பது ரொம்ப சரி. அவருக்கோ கூப்பிட்டும் பதில் இல்லை. மூச்சு மட்டும் சீராக இருந்தது. "கொடுக்காதே, ஒருக்களிச்சுப் படுக்க வை" என்றேன். இருவருமாகத் திருப்பினோம். இரண்டு நிமிஷத்தில் வாந்தி எடுத்தார். அத்தனையும் வெளியே வந்துவிட்டது. 108-இல் வந்தவர்கள் கையில் ஊசி ஏற்றிக் குளுக்கோஸ் கொடுத்தபோது கண்ணைத் திறந்து, "தேர் போயிடுச்சா?" என்று கேட்டார்! இப்போதும் அந்த மருமகள், "நீங்க மட்டும் தடுக்கலைன்னா..." என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வாள்.

மூச்சு இல்லாவிட்டால் மார்பை அழுத்துங்கள்

மார்பு அசையவில்லை, அல்லது நான் சொன்ன மீன் இழுப்பு மட்டும்தான் இருக்கிறது என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அப்போது நம் கைதான் அவருக்கு இதயம்.

கட்டிலில், மெத்தையில் வேண்டாம். அழுத்தம் மெத்தைக்குப் போய்விடும். தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். மார்பின் நடுவில், மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஓர் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, அதன் மேல் மற்றக் கையைக் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கை மடங்கக் கூடாது. அம்மியில் அரைக்கும்போது தோளிலிருந்து உடம்பின் கனம் இறங்குமே, அப்படி இறக்க வேண்டும். 5 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு தீப்பெட்டியின் நீளம் ஆழத்துக்கு மார்பு இறங்கி, முழுதாக மேலே எழும்ப வேண்டும். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வாய்விட்டு எண்ணுங்கள். நொடிக்கு ஏறக்குறைய இரண்டு வரும். இரண்டு நிமிஷத்துக்கொரு முறை ஆள் மாற வேண்டும். நம் வீட்டு வேலை எல்லாவற்றையும்விட இது கை ஓயும் வேலை. வாயில் ஊதத் தெரியாவிட்டாலும், மனம் ஒப்பாவிட்டாலும், பெரியவர்களுக்கு மார்பை அழுத்துவது மட்டுமே பெரிய உதவி. விலா எலும்பு முறிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். எலும்பு முறிந்தால் கூடும். நின்ற இதயம் தானாகக் கூடாது. தாமதமாகும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்துப் பங்கு குறைந்துகொண்டே போகிறது என்று மருத்துவர்கள் கணக்குச் சொல்கிறார்கள்.

இந்த வித்தை ஒன்றும் ரொம்பப் பழையதல்ல. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கோவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்ற மூவர் 1960-இல் இதை உலகத்துக்குச் சொன்னார்கள். அதற்கு முன்பு இதயம் நின்றால் மார்பைக் கீறித் திறந்து கையால் பிசைய வேண்டும். கத்தியே இல்லாமல் வெளியிலிருந்து அழுத்தினால் போதும் என்று கண்டதனால்தான் அது டாக்டர் கையிலிருந்து நம் கைக்கு வந்தது. அதே 1960-இல் நார்வே நாட்டில் லேர்டால் என்ற பொம்மை செய்கிறவர், ஜனங்கள் பழகிக்கொள்வதற்கென்று ஆள் உயரப் பொம்மை ஒன்று செய்தார். பாரிஸில் ஆற்றில் மூழ்கி இறந்தாள் என்று சொல்லப்படும் ஒரு பெயர் தெரியாத பெண்ணின் முகத்தை அதற்கு வைத்தார். உலகமெங்கும் லட்சக்கணக்கானவர்கள் அந்தப் பெண் முகத்துப் பொம்மையின் மேல்தான் பழகியிருக்கிறார்கள்.

வெட்கம் என்று ஒன்று

பொம்மைக்குப் பெண் முகம் வைத்தாலும், நிஜப் பெண் விழுந்தால் கை வைக்கத் தயங்குகிறார்கள். இது நம் ஊரில் மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவிலேயே, பொது இடத்தில் விழுந்த ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த முதலுதவி குறைவாகக் கிடைக்கிறது என்று ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். அப்படியிருக்க, நம் ஊரில் கேட்கவா வேண்டும்! "பொம்பளை மேல எப்படிக் கை வைக்கிறது" என்று ஆண்கள் விலகி நிற்பார்கள். "அடுத்தவ புருஷன் மார்ல கை வைக்கிறதா" என்று நாம் விலகி நிற்போம். நடுவில் ஓர் உயிர் போய்விடும்.

சென்னையில் 2021 நவம்பர் 11-ஆம் தேதி, பெருமழை நாள். டி.பி. சத்திரம் காவல் நிலைய இன்ஸ்பெக்டர் ராஜேஸ்வரியைப் பலரும் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் நினைவில்லாமல் கிடந்தார் ஒரு வாலிபர். இறந்துவிட்டார் என்றே பேச்சு. உயிர் இருப்பதைக் கண்ட அந்த அம்மா, ஒரு நொடி யோசிக்காமல் அவரைத் தன் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடி, ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார். அந்த வாலிபர் பிறகு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார் என்று படித்தபோது மனம் கனத்தது. ஆனாலும் அன்று எங்கள் தெருவில் ஒருத்தர்கூட, "ஆம்பளையைத் தோள்ல போட்டுக்கிட்டாளே" என்று பேசவில்லை. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். போலீஸ் உடுப்புக்குக் கொடுத்த அந்த மரியாதையை நம் நூல் புடவைக்கும் கொடுத்தால் என்ன?

மறைப்பு வேண்டுமென்றால் சுற்றி நிற்பவர்கள் அதைச் செய்யலாம். அதே 2021 ஜூன் மாதம் கோபன்ஹேகன் நகரத்தில் கால்பந்து ஆட்டத்தின் நடுவில் டென்மார்க் வீரர் எரிக்சன் இதயம் நின்று விழுந்தார். மைதானத்திலேயே மார்பை அழுத்தி, மின் அதிர்ச்சி கொடுத்து அவரைப் பிழைக்க வைத்தார்கள். அவ்வளவு நேரமும் கூட ஆடியவர்கள் அவரைச் சுற்றி வட்டமாக நின்று, கேமராக் கண் படாமல் மறைத்தார்கள். மூன்று வருஷம் கழித்து அவர் மறுபடியும் அதே ஐரோப்பியப் போட்டியில் கோல் போட்டார்! நம் ஊரில் ஒரு பெண் விழுந்தால் நாலு பெண்கள் புடவையைப் பிடித்துச் சுற்றி நிற்கட்டும். உள்ளே ஒருத்தி மார்பை அழுத்தட்டும். தாலிச் சரடு இடைஞ்சலாக இருந்தால் ஓரமாகத் தள்ளிவிட்டால் போதும்.

கடைசி வாய்த் தண்ணீர்

எங்கள் எதிர்வீட்டு அண்ணன் மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலையில் வாசலில் பல் துலக்கிக்கொண்டே விழுந்தார். அண்ணி போட்ட சத்தத்தில் நான் ஓடினேன். கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. பெரியப்பாவிடம் கேட்ட அதே இழுப்புச் சத்தம். என் மகன் போனைப் போட்டான். நான் மண்டியிட்டு அழுத்த ஆரம்பித்தேன். அதற்குள் யாரோ தண்ணீர்ச் சொம்போடு வந்து வாயருகே கொண்டுபோனார்கள். ஒரு கையால் தள்ளிவிட்டேன். சொம்பு உருண்டு வாசலெல்லாம் தண்ணீர். "இன்னாமே இவ, ஆம்பளை மேல ஏறி உக்காந்துக்கினு!" என்று கூட்டத்தில் ஒரு குரல். கேட்டும் கேட்காத மாதிரி எண்ணிக்கொண்டே இருந்தேன். வண்டி வரும் வரை நானும் மகனும் மாறி மாறி அழுத்தினோம். வந்தவர்கள் கருவி வைத்துப் பார்த்து, அவர்களும் செய்துகொண்டே கொண்டுபோனார்கள். மத்தியானம் அண்ணன் போய்விட்டார் என்று செய்தி வந்தது.

வந்தவாசியிலிருந்து வந்த அண்ணனின் அக்கா மாரடித்து அழுதார். "என் தம்பி வாயில ஒரு சொட்டுத் தண்ணி விட உடலியே! அநாதைப் பொணமாட்டம் நாக்கு வறண்டு போனானே!" என்னைப் பார்த்துத்தான் சொன்னார். காரியம் முடிந்த பிறகும் பல மாதம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. போகும் உயிருக்குப் பாலோ தண்ணீரோ வார்ப்பது நம் ஜனங்களின் பெரிய கடமை. பெற்ற பிள்ளை கையால் அந்த ஒரு வாய் கிடைக்க வேண்டும் என்று ஏங்காதவர்கள் யார்? ஆனால் நான் பல நாள் யோசித்து எனக்குள் ஒரு பதில் கண்டேன். கடைசித் தண்ணீர் என்பது விடை கொடுப்பது. வாசலில் விழுந்து ஒரு நிமிஷம் ஆனவருக்கு நாம் ஏன் அவ்வளவு சீக்கிரம் விடை கொடுக்க வேண்டும்? இருந்து பார் என்று பிடித்து இழுக்க வேண்டாமா? அவர் போய்விட்டார் என்று டாக்டர் சொன்ன பிறகு ஆயிரம் பேர் வார்க்கலாம்.

மயிலாப்பூரில் சாம்பலாகிப்போன பூம்பாவையைப் பாடி எழுப்பினார் சம்பந்தர். எங்கள் திருவோத்தூரிலும் காய்க்காத ஆண் பனையைப் பாடிக் காய்க்க வைத்தார் என்பது தலபுராணம். நமக்கு அந்த வரம் இல்லை. இரண்டு கை இருக்கிறது. அதை வைத்தாலும் எல்லோரும் பிழைப்பதில்லை, வைக்காவிட்டால் பிழைப்பார்களா?

போன ஆடி மாதம் அந்த அக்கா தம்பி வீட்டுக்கு வந்தவர், எதிர்பாராமல் எங்கள் வீட்டுப் படியேறினார். பேத்திக்கு வலிப்பு வருகிறதாம். "எப்படிப் படுக்க வெக்கணும்னு ஆரம்பத்துல இருந்து காட்டும்மா" என்றார். பாய் விரித்துக் காட்டினேன். பழைய பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. காபி குடித்துவிட்டுப் போனார்.

இளம் தாய்மார்களுக்கு

கைக்குழந்தை அசையாமல் கிடந்தால் தூக்கிக் குலுக்காதீர்கள். உள்ளங்காலைத் தட்டிக் கூப்பிடுங்கள். மூச்சு இல்லையென்றால் தாமதிக்காமல் ஆரம்பிக்க வேண்டும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மூச்சு முட்டித்தான் இதயம் நிற்கிறது. ஆகையால் அவர்களுக்கு வாயால் ஊதுவதும் அவசியம். ஒரு வயதுக்குள் இருந்தால் தலையை நேராக வைத்து, குழந்தையின் வாய், மூக்கு இரண்டையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, மார்பு மெல்ல எழும் அளவுக்கு மட்டும் ஊதுங்கள். உங்கள் கன்னத்துக் காற்றே போதும். பிறகு இரண்டு கையாலும் குழந்தையின் மார்பைச் சுற்றிப் பிடித்து, இரண்டு கட்டைவிரலால் மார்பின் நடுவில் 4 சென்டிமீட்டர் ஆழம் அழுத்துங்கள். இரண்டு விரல் நுனியால் அழுத்துவது முன்பு சொல்லித் தந்த முறை. இப்போது கட்டைவிரல் முறையே நல்லது என்கிறார்கள். 30 தடவை அழுத்தி, 2 தடவை ஊதி, மாறி மாறிச் செய்ய வேண்டும். பெரிய குழந்தைக்கு ஒரு கையின் அடிப்பாகம் போதும்.

ஏரியிலோ கிணற்றிலோ விழுந்த குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் கூடாது. வயிற்றில் உள்ளது வாந்தியாகி மூச்சுக்குழாயை அடைக்கும். நேரமும் வீணாகும். மூச்சு இல்லையென்றால் உடனே ஊதிவிட்டு, அழுத்த ஆரம்பிக்க வேண்டும்.

வலிப்பு வந்தால் கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். பல்லுக்கிடையில் கரண்டி வைக்காதீர்கள். இரும்பு கொடுத்ததால் வலிப்பு நின்றது என்று நினைப்பது வீண். பெரும்பாலும் அது ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானாகவே நிற்கும். தலைக்கடியில் மெத்தென்று ஒரு துணியை வைத்து, இடிபடும் சாமான்களை நகர்த்தி, கடிகாரத்தைப் பாருங்கள். நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலும், நின்று மறுபடி வந்தாலும் 108.

பூச்சி மருந்தோ அரளி விதையோ உள்ளே போனவருக்குச் சோப்புத் தண்ணீர், உப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் என்று கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மருந்துப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வெயிலிலோ கூட்டத்திலோ நின்று கண் இருட்டி விழுந்தவர் மல்லாக்கப் படுத்ததும் ஒரு நிமிஷத்தில் விழித்துக்கொள்வார். காலைக் கொஞ்சம் உயர்த்தி, காற்று வர விடுங்கள். நன்றாக எழுந்து உட்கார்ந்து, தானாக டம்ளரைப் பிடிக்க முடிந்த பிறகு தண்ணீர் கொடுங்கள்.

போலீஸ் பயம் வேண்டாம்

"ரோட்டில் கிடப்பவரைத் தூக்கினால் கோர்ட்டுக்கு அலைய வேண்டும்" என்று நம் வீட்டு ஆண்களே தடுப்பார்கள். அந்தக் காலம் போய்விட்டது. விபத்தில் அடிபட்டவருக்கு உதவுகிறவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். நீங்களாகச் சாட்சி சொல்ல முன்வந்தால் தவிர, பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. நல்லெண்ணத்தோடு செய்த உதவிக்காக உங்கள் மேல் வழக்கும் கிடையாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்றுக்கொள்கிறது.

இன்றைக்கே செய்யுங்கள்

படித்தது மட்டும் போதாது. கை பழக வேண்டும். இன்று ராத்திரி சாப்பாடு ஆனதும் வீட்டில் எல்லோரையும் கூடத்தில் உட்காரவையுங்கள். பிள்ளைகளில் ஒருவரைப் படுக்க வைத்து, ஒருக்களித்துத் திருப்பிப் பழகுங்கள். அவர்களுக்கும் இது விளையாட்டாக இருக்கும். அழுத்திப் பழகுவதற்கு மட்டும் கெட்டியான தலையணையை வையுங்கள். இதயம் துடிக்கிறவர் மார்பில் அழுத்திப் பழகக் கூடாது. மாமியாரும் மாமனாரும் இருந்தால் அவர்கள் கண் முன்னாலேயே செய்து காட்டி, ஏன் தண்ணீர் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். விழுந்த பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் சண்டையில்தான் முடியும். உங்கள் குழுவிலோ, பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலோ சொல்லி, செஞ்சிலுவைச் சங்கத்தாரையோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ்காரர்களையோ அழைத்து, பொம்மை வைத்து ஒரு வகுப்பு நடத்தச் சொல்லுங்கள்.

போன் பக்கத்துச் சுவரில் ஒரு காகிதத்தில் நான்கே வரி எழுதி ஒட்டுங்கள்: கூப்பிடு, மூச்சைப் பார், 108. மூச்சு இருந்தால் ஒருக்களி. மூச்சு இல்லாவிட்டால் அழுத்து. வாயில் எதுவும் ஊற்றாதே. எங்கள் வீட்டில் காலண்டருக்குக் கீழே அது ஒட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் என்ன இது என்று கேட்கிறார்கள். கேட்பவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.